மலிவுக் காரும் நலிவுக் காலமும்

பொருளாதார மந்தம் உலகின் எம்மூலையில் தலைகாட்டினும், அதனோடு கூடவே வாணிபப் பத்திரிகைகளில் ஒரு கூற்றும் தலைகாட்டத் தவறுவதில்லை. வருமானம் குன்றும் காலத்தில் மக்கள் பெரிய கார்களைக் கைவிட்டுச் சிறிய, மலிவான கார்களை நாடுவர். ஆதலால் நலிவுக் காலமே மலிவுக் காரின் பொற்காலம் என்பது அக்கூற்று. கேட்பதற்கு இது நியாயமாகவே படுகின்றது. சம்பா அரிசி வாங்கியவன் நாட்டரிசிக்கு இறங்குகின்றான். பால்மா வாங்கியவன் வெறுந்தேநீரோடு நிறுத்திக்கொள்கின்றான். அவ்வாறே பெரிய காருக்கு ஆசைப்பட்டவன் சிறிய காருக்கு இறங்குவான் என்பதை எவரும் எளிதில் ஒத்துக்கொள்வர். பொருளியல் முதலாம் வருட மாணவன் 'இழிவுப் பண்டம்' என்ற சொல்லைத் துணைக்கழைத்து இதற்குக் கோட்பாட்டு அமைதியும் காட்டிவிடுவான்.

இக்கூற்று முழுப்பொய் அன்று. முழுப்பொய்யாயின் அதனை எதிர்க்கவேண்டிய தேவையும் இராது, தானாகவே மடிந்துவிடும். இது அரை உண்மை. அந்த அரை உண்மையைக் காட்டி அரசிடம் வரிச்சலுகை கேட்கப்படுகின்றது. விவசாயியிடமிருந்து நிலம் எடுக்கப்படுகின்றது. பொதுப்பணத்திலிருந்து கடன் பெறப்படுகின்றது. இவையனைத்தும் 'ஏழையின் கார்' என்ற பெயரிலேயே நிகழ்கின்றன. அவ்வேழை அக்காரை வாங்கினானா என்பதைப் பின்னர் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைத் திரும்பிப் பார்ப்பதே இங்கு செய்யவேண்டியதாகின்றது.

கார் அரிசியன்று. இவ்வளவு வெளிப்படையான வேறுபாட்டை எடுத்துச் சொல்லவேண்டியிருப்பதே வியப்புக்குரியது. பசியை அடுத்த வருடத்திற்கு ஒத்திவைக்க இயலாது; ஆகவே உணவிலே மனிதன் தரம் இறங்குகின்றான். காரையோ ஒத்திவைக்கலாம். உள்ள காரைத் திருத்தி இன்னும் நான்கு வருடம் ஓட்டலாம். கார் இல்லாதவன் இல்லாமலே இருந்துவிடலாம். 1990களில் பொருளாதாரத் தடையின்கீழிருந்த யாழ்ப்பாணத்திலே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டோருக்கு, இயந்திரமொன்றின் ஆயுளை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை. நீடித்துழைக்கும் பண்டங்களுக்கான கேள்வி நலிவுக் காலத்தில் முதலில் எடுக்கும் வடிவம் இறக்கம் அன்று, ஒத்திவைப்பு. இறங்கி வாங்குபவன் சிலனாயின் வாங்காமலே விடுபவன் பலனாவான்.

இவ்வுண்மை மறைந்துபோவதற்குக் கணக்கு எழுதும் முறையும் ஒரு காரணம். விற்பனைப் போக்குப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 'பங்கு' என்ற அளவுகோலையே கையாளுகின்றன. முன்னர் நூறு கார் விற்ற ஊரில் இருபது சிறியவை என்று கொள்வோம். மந்தம் வந்து மொத்தம் அறுபதாகச் சுருங்கும்போது சிறியவை பதினைந்து விற்றால், சிறிய காரின் பங்கு இருபது வீதத்திலிருந்து இருபத்தைந்து வீதமாக உயர்ந்துவிட்டது என்று தலைப்பிடலாம், தலைப்பிற் பிழையுமில்லை. ஆனால் முன்னர் வாங்கிய இருபது பேரில் ஐவர் இப்போது இல்லை. அவர்கள் எங்கே போயினர்? மீதிப் பதினைவருள்ளும் எத்தனை பேர் பெரிய காரிலிருந்து இறங்கிவந்தவர்கள்? பங்கு என்னும் அளவுகோல் இவ்வினாக்களை எழுப்பவே விடாது.

அமெரிக்காவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததை இக்கூற்றின் பெருஞ்சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். 2008 மே மாதத்தில் ஹொண்டா சிவிக், டொயோட்டா கொரோலா முதலிய கார்கள், பல்லாண்டுகளாக விற்பனையில் முதலிடம் வகித்த போர்ட் கம்பனியின் எஃப் வரிசைப் பிக்அப் வாகனத்தை அம்மாத விற்பனையில் முந்தின. மந்தம் வந்தது, மக்கள் சிறிய காருக்குத் திரும்பினர் என்று அன்று எழுதப்பட்டது. ஆனால் அந்த இளவேனிற் காலத்தில் அமெரிக்கரை வாட்டியது வேலையின்மையைக் காட்டிலும் பெற்றோல் விலையே. ஜூலை மாதத்தில் ஒரு கலன் பெற்றோல் சராசரியாக 4 டொலரைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. செப்ரெம்பரில் லீமன் பிறதர்ஸ் வங்கி வீழ்ந்து உண்மையான நலிவு ஊரெங்கும் பரவியபோது, பெற்றோல் விலையும் வீழ்ந்தது. ஆண்டிறுதியில் அது 2 டொலருக்கும் கீழே நின்றது. கூற்று உண்மையாயின், சிறிய காரின் பொற்காலம் அப்பொழுதன்றோ தொடங்கியிருக்கவேண்டும்?

தொடங்கவில்லை. அமெரிக்காவின் மொத்த வாகன விற்பனை 2007இல் ஏறக்குறைய 1 கோடியே 61 இலட்சம். 2008இல் 1 கோடியே 32 இலட்சம். 2009இல் 1 கோடியே 4 இலட்சம். 2008இலிருந்து 2009க்குள் வீழ்ச்சி ஐந்திலொரு பங்கிற்குச் சற்று மேல். அதே காலத்தில் மிகச் சிறிய கார்களுள் ஒன்றான டொயோட்டா யாரிஸ் ஒரு இலட்சத்திலிருந்து ஏறக்குறைய அறுபத்து நாலாயிரத்திற்கு இறங்கிற்று. மூன்றிலொரு பங்கிற்கும் மேற்பட்ட வீழ்ச்சி இது. சந்தை முழுவதன் வீழ்ச்சியைவிடப் பெரிது. சற்றுப் பெரிய சிவிக் காரும் கால்வாசிக்கு மேல் விழவில்லை. நேர்மையாகச் சொல்வதாயின், 10,000 டொலருக்குச் சற்றுக் கீழே அடிப்படை விலை குறிக்கப்பட்ட நிஸான் வேர்சா மட்டும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நின்றது. ஒன்று நின்றது என்பதைக் கொண்டு ஓரினமே வளர்ந்தது என்று சொல்லுதல் தகாது.

அந்த ஆண்டிலே அமெரிக்காவில் விற்பனையைக் கூட்டிய பெருங்கம்பனி ஒன்று உண்டு. அது ஹியுண்டாய். அதன் வெற்றிக்கும் 'மலிவு' என்றே விளக்கம் கூறப்பட்டது. மலிவு அதனிடம் முன்னரும் இருந்தது. 2009 ஜனவரியிற் புதிதாக அது அறிவித்தது யாதெனில், கார் வாங்கிய ஓராண்டிற்குள் வேலை இழப்பவர் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதே. நலிவுக் காலத்து வாடிக்கையாளனின் நெஞ்சை அறிந்த அறிவிப்பு அது. அவனைத் தடுப்பது காரின் விலை மட்டுமன்று. அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற அச்சமே அவனைத் தடுக்கின்றது. ஆயிரம் டொலர் விலையைக் குறைத்தாலும் அவ்வச்சம் குறையாது. சந்தை முழுவதும் ஐந்திலொரு பங்கு சரிந்த அவ்வாண்டில் அக்கம்பனியின் விற்பனை எட்டு வீதமளவில் உயர்ந்தது.

ஜேர்மனியின் கதை இன்னும் தெளிவானது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய காரை உடைப்புக்குக் கொடுத்துப் புதுக்கார் வாங்குவோருக்கு 2,500 யூரோ வழங்குவதாக அந்நாட்டரசு 2009இல் அறிவித்து, அதற்கென 500 கோடி யூரோவை ஒதுக்கிற்று. விலை குறைந்த காருக்கு இத்தொகை விலையின் பெரும்பகுதியாகவும், விலை கூடிய காருக்குச் சிறுபகுதியாகவும் அமைந்தமையால் சிறிய கார்கள் வெள்ளமென விற்றன. நாட்டின் புதுக்கார்ப் பதிவு 31 இலட்சத்திலிருந்து 38 இலட்சமாயிற்று. பணம் தீர்ந்தது; 2010இல் பதிவு 29 இலட்சத்திற்கு வந்துநின்றது. ஆக, 2009இல் விற்றவற்றுட் பல 2010இன் கார்களே. நாளை வாங்கவிருந்தவனை அரசு இன்றே வாங்கச் செய்தது, அவ்வளவே. அமெரிக்க அரசும் அவ்வாண்டின் ஜூலை, ஓகஸ்ற் மாதங்களில் ஏறக்குறைய 300 கோடி டொலரை இவ்வாறே செலவிட்டது. இத்தகைய விற்பனையை நலிவின் விளைவு என்று வரைபடம் கீறிக் காட்டுவது, குழாய்க்கிணற்றுக்கு மின்னிறைப்பி பூட்டிவிட்டு மழை பெய்தது என்று கூறுவதை ஒக்கும்.

மேற்குநாட்டு வாடிக்கையாளன் எவ்வளவு நலிந்தவனாயினும் முன்னரே கார் வைத்திருந்தவன். அவனுக்குச் சிறிய கார் என்பது இறக்கம். ஆசிய நாடுகளிலோ சிறிய கார் என்பது ஏற்றம். மோட்டார் சைக்கிளிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் காருக்கு ஏறும் முதற்படி. ஆகவே இக்கூற்றின் உண்மையைச் சோதிக்கத் தகுந்த இடம் டிற்றோயிற் அன்று, இந்தியாவே. அங்கு அச்சோதனை நிகழ்ந்தும் முடிந்துவிட்டது. அதன் பெயர் நானோ.

மழையிலே ஒரே ஸ்கூட்டரில் கணவன், மனைவி, பிள்ளைகள் என நால்வர் போவதைக் கண்டு, அவர்களுக்குப் பாதுகாப்பான வாகனமொன்று வேண்டும் என்ற எண்ணம் தமக்குத் தோன்றியதாக ரத்தன் டாட்டா கூறிவந்தார். 2008 ஜனவரி 10ஆம் திகதி டில்லி வாகனக் கண்காட்சியில் அக்கார் உலகிற்குக் காட்டப்பட்டது. விலை ஒரு இலட்சம் இந்திய ரூபா. இயந்திரம் 624 கன சென்ரிமீற்றர். உலகின் மிக மலிவான கார். 2009 மார்ச்சில், உலகப் பொருளாதாரம் தரையைத் தொட்டுக் கிடந்த வேளையிலே, அது விற்பனைக்கு வந்தது. ஏப்ரலில் முற்பதிவு திறக்கப்பட்டபோது இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் பதிந்தனர். முதல் ஒரு இலட்சம் பேரைக் குலுக்கல் முறையிலே தெரியவேண்டியிருந்தது. நலிவுக் காலத்தில் மலிவுக் காருக்கு உள்ள கேள்விக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ என்று கேட்கப்பட்டது.

அம்முற்பதிவுகளைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். நானோ மூன்று தரங்களில் விற்கப்பட்டது. கம்பனி அந்நாளில் வெளியிட்ட கணக்கின்படி, பதிந்தோரிற் பாதிப்பேர் கேட்டது மூன்றினுள்ளும் விலை கூடிய தரத்தை. அந்த ஒரு இலட்ச ரூபாக் காரை, எதற்காக உலகப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் இடங்கொடுத்தனவோ அதனை, கேட்டவர் ஐந்திலொரு பங்கினரே. ஸ்கூட்டரில் நனைந்த குடும்பம், இருப்பதிலே விலை கூடியது தருக என்று கேட்குமா? முற்பதிவின் பெரும்பகுதி வங்கிக் கடன் மூலமாகவே வந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். வங்கிக் கடன் பெறுபவன் சம்பளச் சீட்டு உள்ளவன். வரிசையில் முன்னே நின்றவர் பலர் ஏற்கெனவே ஓரளவு கால் ஊன்றியவர்கள். வீட்டில் இரண்டாவது காராக இதை எண்ணியவர்களும் அவர்களுள் இருந்தனர்.

2010 நவம்பரில் நாடு முழுவதும் விற்ற நானோ கார்கள் 509. அவ்வாண்டு ஜூலையில் மாதத்திற்கு ஒன்பதினாயிரம் அளவில் விற்ற கார் அது. சில கார்கள் தீப்பற்றிய செய்திகள் அச்சமூட்டின என்பது உண்மை. ஆயின் அடுத்து நடந்ததே கவனத்திற்குரியது. டிசெம்பரில் கம்பனி உத்தரவாதத்தை நான்கு ஆண்டுகளாக நீட்டியதோடு, விலையில் 90 வீதம் வரை கடன் கிடைக்கவும், அக்கடன் இரு நாட்களில் ஒப்புதல் பெறவும் ஏற்பாடு செய்தது. அம்மாதமே விற்பனை ஐயாயிரத்தைத் தாண்டிற்று. 2011 ஏப்ரலில் பத்தாயிரத்தைத் தொட்டது. கார் அதே கார், விலையும் இறங்கவில்லை. மாறியவற்றுள் முதன்மையானது கடன். நிலையான வேலையில்லாதவனுக்கும், கையெழுத்திடப் பிணையாளி அற்றவனுக்கும், சிற்றூரில் கடை வைத்திருப்பவனுக்கும் வங்கி மூடியிருந்த கதவு சற்றுத் திறந்தபோது அவன் வந்தான். கதவு சாத்தியபோது போய்விட்டான்.

இவ்விடத்தில் நானோவின் தோல்விக்குப் பரவலாகக் கூறப்படும் விளக்கத்தை எதிர்கொள்ளவேண்டியுள்ளது. 'உலகின் மிக மலிவான கார்' என்று விளம்பரப்படுத்தியதே பிழை. இந்தியன் மலிவை விரும்புவான், மலிவானவன் என்று பெயரெடுக்க விரும்பான். அயலவர் முன்னிலையில் வெட்கம் அவனைத் தடுத்தது என்பது அவ்விளக்கம். ரத்தன் டாட்டாவே பிற்காலத்தில் அவ்விளம்பரம் தவறு என்று ஒப்புக்கொண்டமையால் இது வேதவாக்காகிவிட்டது. வாணிப முகாமைத்துவ வகுப்புகளில் இது இன்றும் பாடமாக ஓதப்படுகின்றது. இவ்விளக்கத்தின் வசதி என்னவெனில், குற்றம் வாங்காதவனின் மனத்திலே சுமத்தப்படுகின்றது. அவன் கையிற் பணமிருந்ததா, பணம் இருந்தால் எவ்வளவு நாளைக்கு இருந்தது என்று கேட்கவேண்டியதில்லை. அவன் போலிக் கௌரவக்காரன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

வெட்கம் ஒன்றுமேயில்லை என்பது வாதமன்று. வெட்கம் எவரிடம் இருந்ததென்றால், காரை வாங்க வல்லவரிடம் இருந்தது. அவர் சிறிது கூடக் கொடுத்து மாருதி அல்ற்றோவை வாங்கிக்கொண்டார். 2010-11 நிதியாண்டில் அல்ற்றோ மூன்று இலட்சத்திற்கு மேல் விற்றது. ஸ்கூட்டர்க் குடும்பத்திற்கோ வெட்கப்படுவதற்கு முன்னரே கணக்குப் பார்க்கவேண்டியிருந்தது. ஒரு லீற்றர் பெற்றோலில் நானோ 23 கிலோமீற்றருக்குச் சற்று மேல் ஓடும் என்பது அதற்கு வழங்கப்பட்ட சான்றிதழ். சிறிய மோட்டார் சைக்கிள் அதே லீற்றரில் அதன் இருமடங்கிற்கு மேல் ஓடும். விலையிலும் மோட்டார் சைக்கிள் காரின் பாதியளவே. காப்புறுதி வேறு, ரயர் வேறு, நிறுத்த இடம் வேறு. கார் வாங்குதல் ஒரு நாட் செலவு. கார் வைத்திருத்தல் நாட்செலவு. நலிவுக் காலத்தில் அஞ்சப்படுவது இரண்டாவதே.

அச்சோதனையின் இறுதிப் பகுதி 2012க்குப் பின் நிகழ்ந்தது. இந்தியப் பொருளாதாரம் 2008-09இல் தளர்ந்ததாயினும், அரசு டிசெம்பரில் உற்பத்தி வரியைக் குறைத்தது, ஆறாவது சம்பளக் குழுவின் நிலுவைகள் அரசூழியர் கைக்கு வந்தன, வட்டி இறங்கிற்று. ஆகவே 2009-10இல் பயணிகள் வாகன விற்பனை கால்வாசியளவு உயர்ந்தது. மந்தத்தின் பெயரிற் கொண்டாடப்பட்ட ஆண்டு உண்மையில் மீட்சியின் ஆண்டு. ஆனால் 2012இலிருந்து வளர்ச்சி தளர்ந்து, வட்டியும் பெற்றோல் விலையும் உயர்ந்து நின்று, கார் விற்பனை வீழ்ச்சியுற்ற காலமே வாகனச் சந்தையின் மெய்யான நலிவுக் காலம். நானோ அக்காலத்தில் என்ன ஆயிற்று? 2011-12இல் 74 ஆயிரம். 2012-13இல் 54 ஆயிரம். 2013-14இல் 21 ஆயிரம். கார்ச் சந்தை ஆறேழு வீதம் சரிந்தபோது, அச்சந்தையின் மிக மலிவான கார் பாதிக்கு மேல் சரிந்தது. அதே 2013-14இல் இருசக்கர வாகன விற்பனை ஏறக்குறைய ஏழு வீதம் உயர்ந்து ஒரு கோடியே நாற்பத்தெட்டு இலட்சத்தை எட்டிற்று. மழையில் நனைந்த குடும்பம் நலிவுக் காலத்தில் எதை வாங்கிற்று என்பதற்கு விடை இங்கே கிடக்கின்றது. அது மீண்டும் ஒரு மோட்டார் சைக்கிளையே வாங்கிற்று.

2018 ஜூன் மாதத்தில் ஒரேயொரு நானோ உற்பத்தியாயிற்று.

அக்கார் வருவதற்கெனச் செலவானவை வேறொரு பேரேட்டில் எழுதப்பட்டுள்ளன. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலே 997 ஏக்கர் நிலத்தை, ஏழையின் காருக்காக, இடதுசாரி அரசொன்று எடுத்தது. பலபோகம் விளையும் மண் அது. கொடுக்க மறுத்த விவசாயிகளின் போராட்டத்திற்கு மம்தா பானர்ஜி தலைமை தாங்கினார். 2008 ஒக்ரோபரிற் கம்பனி வெளியேறி குஜராத்தின் சாணந்த் நகருக்குச் சென்றது. 2011 தேர்தலில், முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்ட இடது முன்னணி ஆட்சியை இழந்தது. 2016 ஓகஸ்ற் 31ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அந்நிலக் கையகப்படுத்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்து, நிலத்தை உரியவரிடம் மீளக் கொடுக்கப் பணித்தது. பத்தாண்டுகளின் பின் கொங்கிறீற்றுக் கலந்த மண் திரும்பிவந்தது. சாணந்திலோ குஜராத் அரசு 0.1 வீத வட்டியிற் கடன் கொடுத்தது. ஸ்கூட்டர்க் குடும்பம் கேட்டிருந்தால் எந்த வங்கியும் சிரித்திருக்கக்கூடிய வட்டி அது. ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் நானோ உற்பத்தி செய்யக் கட்டிய ஆலை அது. அதில் மூன்றிலொரு பங்கைக்கூட அக்கார் ஓராண்டிலும் எட்டவில்லை.

இக்கூற்றை ஆதரிப்போர் இன்று அண்மைய உதாரணமொன்றைக் காட்டக்கூடும். 2025 செப்ரெம்பர் 22ஆம் திகதி இந்திய அரசு சிறிய கார்களின் மீதான பொருள், சேவை வரியை 28 வீதத்திலிருந்து 18 வீதமாகக் குறைத்ததும் அவற்றின் விற்பனை கூடிற்று. கூடியது மெய்யே. ஆனால் அதற்கு முந்திய ஐந்தாறு ஆண்டுகளாக, கொவிட் பெருந்தொற்றின் நலிவுக்குப் பின், அந்நாட்டில் மலிவுக் கார்களே ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. அல்ற்றோ 800 காரின் உற்பத்தி 2023இல் நிறுத்தப்பட்டது. பெரிய கார்கள் பெருகின. நலிவு சிறிய காரை வளர்த்திருப்பின் அரசு கைகொடுக்கவேண்டி வந்திராது.

இலங்கைக்கு இவ்விவாதம் அயல்வீட்டுச் சங்கதியன்று. 2015இல் இடைக்கால வரவுசெலவுத் திட்டம் ஆயிரம் கன சென்ரிமீற்றருக்குட்பட்ட கார்களின் வரியைக் குறைத்தது, அரசூழியரின் மாத வருமானத்தில் பத்தாயிரம் ரூபா கூடிற்று, வட்டியும் தாழ்ந்திருந்தது. முந்திய ஆண்டில் நாற்பதினாயிரத்தை எட்டாதிருந்த மோட்டார்க் கார்ப் பதிவு அவ்வாண்டில் ஒரு இலட்சத்தைத் தாண்டிற்று. அந்நியச் செலாவணி கரைவதைக் கண்ட மத்திய வங்கி, வாகனத்தின் பெறுமதியில் 70 வீதத்திற்கு மேல் லீசிங் கடன் வழங்குவதைத் தடுத்தது. வரியும் மீண்டும் ஏறிற்று. 2016இல் பதிவு பாதிக்கும் கீழாயிற்று. இந்தியாவிற் கண்ட அதே மூன்று விசைகள்: அரச சம்பளம், வரி, கடன். நலிவு அவற்றுள் இல்லை.

நலிவு உண்மையாகவே வந்தபோது நிகழ்ந்ததை இந்நாட்டவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. அல்ற்றோவும் வாகன்-ஆரும் போக்குவரத்துச் சாதனம் என்ற நிலை நீங்கி, வங்கி வைப்பினும் பாதுகாப்பான சேமிப்பாக மாறின. சில ஆண்டுகள் ஓடிய கார் வாங்கிய விலையிலும் கூடுதலாக விலைப்பட்டது. தேய்மானம் என்று கணக்கியலில் கற்பிக்கப்படும் பாடம் வீதியிலே தலைகீழாயிற்று. கார் உள்ளவன் செல்வந்தனானான்; முதற் காருக்காகச் சிறுகச்சிறுகச் சேர்த்து வைத்திருந்த ஆசிரியரினதும் தாதியினதும் பணம், அவர்கள் எட்டிப் பிடிக்கப் பிடிக்க ஓடும் விலையின் பின்னால் உருகிற்று. அவ்வாண்டின் நீண்ட எரிபொருள் வரிசைகளின் பின்னர் வந்த கியூஆர் பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் கிடைத்தன. காரை ஓட்டாது நிறுத்திவைத்து, துவிச்சக்கரவண்டி தேடிக் கடை கடையாக அலைந்தோரை அன்று கொழும்பிலே காணக்கூடியதாயிருந்தது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீளத் திறக்கப்பட்டது. வாகனங்களின் மீதான வரி அரசிறையின் பெருந்தூண்களுள் ஒன்றாகிவிட்டது. இவ்வேளையிற் சிறிய காருக்கு வரிச்சலுகை வேண்டும், அதுவே நலிந்த மத்தியதர வர்க்கத்தின் கார் என்ற குரல் மீண்டும் எழுவது எதிர்பார்க்கத்தக்கதே. அக்குரல் எழுப்புவோர் முன்வைக்கவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. 2015இல் பதிவான ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட கார்களில் எத்தனை முதற் காராக ஒரு வீட்டை அடைந்தன, எத்தனை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ அடைந்தன, எத்தனை லீசிங் தவணை கட்டமுடியாது மீளக் கைப்பற்றப்பட்டன என்பதே அக்கணக்கு. பதிவேடு மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கின்றது; தவணைக் கணக்கு லீசிங் கம்பனிகளிடம் இருக்கின்றது. அதனை வெளியிட்ட பின்னரே சலுகையைப் பற்றிப் பேசலாம். அதுவரையில், காலை ஆறு மணிக்கு மிதிபலகையில் தொங்கிக்கொண்டு விரிவுரைக்கும் வேலைத்தளத்திற்கும் செல்வோருக்கான பஸ் வண்டிகளுக்கே அவ்வரிப்பணம் முதற்கண் உரியது.